பட்டியல் மேசையிலிருந்து பதவியுயர்வுக் கோப்பு வரை

இலங்கையில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் ஒரே கூரையின் கீழ் இரண்டு பதவி ஏணிகள் நிற்கின்றன. ஒன்று கல்விசாரா ஊழியருக்கானது. மற்றது உதவி நூலகரில் தொடங்குவது. எந்த ஏணியில் கால் வைக்கிறோம் என்பதை விண்ணப்பிக்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறலாம், ஆனால் அதற்குக் கன வருடங்கள் போய்விடும்.

உயர்தரத்தோடு வருகிறவர்களுக்கு இலங்கை நூலகச் சங்கத்தின் டிப்ளோமாதான் நல்ல தொடக்கம். 1960 இல் உருவான சங்கம் அது. டிப்ளோமா மூன்று நிலைகளாக இருப்பதால் வேலை செய்துகொண்டே படிக்க முடியும். பட்டத்தோடு வருகிறவர்களுக்கு உதவி நூலகர் பதவி. பதவிக்கு வேண்டிய வகுப்புச் சித்தி, முதுமாணித் தகுதி ஆகியவற்றை விளம்பரத்திலும் அந்த விளம்பரம் சுட்டும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுச் சுற்றறிக்கையிலும் பாருங்கள். சுற்றறிக்கைகள் மாறும், பழைய நகலை நம்பி விண்ணப்பிக்க வேண்டாம். நூலக, தகவல் விஞ்ஞானத்தில் முதுமாணி செய்யக் களனிப் பல்கலைக்கழகத்தின் துறையும் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த தேசிய நிறுவனமும் இருக்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். வகுப்பு வார இறுதியில் நடந்தாலும் வெள்ளி இரவு பஸ்ஸும் திங்கள் காலைக் கடமையும் இடிக்கும். லீவுக் கணக்கை முதல் வருடமே போட்டு வையுங்கள்.

உதவி நூலகர் விரிவுரையாளர் தரத்தோடு சமமாக வைக்கப்பட்டவர். அதற்கு மேலே சிரேஷ்ட உதவி நூலகர் தரம் 2, தரம் 1 என்று படிகள், உச்சியில் நூலகர். 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் நூலகரைப் பல்கலைக்கழகத்தின் கல்விசார் உயர்சபையான மூதவையில் உறுப்பினராக இருத்துகிறது. சமம் என்றால் கேட்கப்படுவதும் சமம்தான்: ஆய்வுக் கட்டுரை, மாநாடு, கற்பித்தல், பல்கலைக்கழகத்துக்கு ஆற்றிய பணி. ஆனால் விரிவுரையாளரின் கிழமை போல நூலகரின் கிழமை இல்லை. காலையில் கதவு திறக்கும்போது அங்கே நிற்க வேண்டும், இரவல் மேசையில் சண்டை வந்தால் இறங்கிப் போக வேண்டும், டிசெம்பர் 31 க்குள் புத்தகப் பணத்தைச் செலவழிக்கக் கொள்வனவுக் கேள்விப்பத்திரத்தோடு (ரெண்டர்) ஓட வேண்டும். ஆய்வுக்கென்று தனி நேரம் ஒதுக்கிக் காத்திருப்பவர்கள் தகுதிகாண் காலம் முடியும்போது வெறுங்கையோடு நிற்கிறார்கள்.

நடைமுறையில் பலன் தருகிற வழி ஒன்றுதான் எனக்குத் தெரியும். மேசையில் வருகிற சிக்கலே ஆய்வுப் பொருளாக வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு இது பெரிய வசதி. கொழும்பிலோ கண்டியிலோ உட்கார்ந்து யோசித்தாலும் கிடைக்காத சிக்கல்கள் இங்கே ஒவ்வொரு புத்தகக் கட்டிலும் இருக்கின்றன.

தமிழ்ப் புத்தகங்களின் பட்டியல் பதிவுகளில் இருந்து தொடங்குவோம். யூனிகோட் பரவும் முன்னர் இங்கே தட்டச்சு என்றால் பாமினி எழுத்துருதான். அதில் தட்டிய விபரம் எழுத்துருவைக் கழற்றினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும், ஏனென்றால் பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. பழைய தரவுத்தளத்தை நூலக மென்பொருளான கோஹாவுக்குக் கொண்டுவரும்போது முழுக் கோப்பையும் ஒரே தடவையில் யூனிகோட் மாற்றியில் போட்டால் இரண்டு நாசம் நடக்கும். பதிவுக்குள் இருக்கும் உண்மையான ஆங்கிலச் சொற்கள் பொருளில்லாத தமிழாகிவிடும். நூற்பதிவுகளை எண்ணிட்ட புலங்களாக எழுதும் மார்க் 21 முறையின் 300 ஆம் புலத்தில் பக்க எண்ணுக்கும் அளவுக்கும் நடுவே வரும் அரைப்புள்ளி மெய்ப்புள்ளியாகிவிடும். ஆகவே புலம் புலமாக மாற்றுங்கள். மொழிக் குறியீட்டைக் கொண்டு தமிழ்ப் பதிவுகளை முதலில் பிரித்து, 245 (தலைப்பு), 100 (ஆசிரியர்), 260 (வெளியீடு) போன்ற புலங்களின் துணைப்புலங்களை மட்டும் மாற்றி, 50 பதிவைப் புத்தகத்தோடு வைத்துச் சரிபார்த்த பிறகு மிச்சத்தைத் தொடுங்கள். மாற்றாத மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்க வேண்டாம்.

யூனிகோடுக்கு வந்த பிறகும் தேடல் பிழைக்கும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு ஒன்றல்ல. ‘கொ’ என்பதை ஒற்றைக் குறியாகவும் தட்டலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் தட்டலாம். இந்த இரண்டும் யூனிகோட் இயல்பாக்கத்தில் ஒன்றாகிவிடும், அதனால் பதிவுகளை ஏற்றும் முன் இயல்பாக்கம் செய்தால் போதும். ஔகாரம் அப்படியில்லை. ‘கௌ’ வை எழுதக் கொம்பு போட்டுப் பக்கத்தில் ளகரத்தைத் தட்டியவர்கள் பலர், அதை எந்த இயல்பாக்கமும் திருத்தாது. ஸ்ரீ இன்னும் பொல்லாதது. ஒரே உருவத்தை இரண்டு வேறு எழுத்துத் தொடர்களால் பெறலாம். அதற்கு மேல் யாழ்ப்பாணத்தில் அதே பெயரைச் சிறீ என்றும் சிறி என்றும் எழுதுகிறோம். ஸ்ரீஸ்கந்தராஜா என்ற பெயரில் தேடும் மாணவருக்கு முன்னால் நான்கு கதவுகள் இருக்க, ஒன்றுதான் திறக்கிறது.

கோஹாவைச் செப்ரா என்ற தேடற்சுட்டி மென்பொருளோடு நிறுவும்போது எழுத்துகளைக் கையாள இரண்டு வழி கேட்கும். தமிழ் வைத்திருக்கும் நூலகம் யூனிகோட் எழுத்துகளைக் கையாளும் ஐசியு முறையைத்தான் தெரிவுசெய்ய வேண்டும். கவனிக்காமல் மற்றதைத் தெரிவுசெய்துவிட்டால் தமிழ்ச் சொல் உடைந்து, இருக்கிற புத்தகம் இல்லை என்று வரும். பிறகு மாற்றலாம், ஆனால் முழு மறுசுட்டியாக்கம் செய்ய வேண்டும். அதை ஒரு விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

அகரவரிசையும் அப்படியே. யூனிகோட் குறி வரிசையில் னகரம் நகரத்தை அடுத்து வருகிறது, றகரம் ரகரத்தை அடுத்து வருகிறது, ழகரம் வகரத்துக்கு முன்னால் வந்துவிடுகிறது. ஆய்தம் உயிரெழுத்துகளுக்கும் முன்னே போய் நிற்கிறது. தமிழ் வரிசைமுறை தெரியாத மென்பொருளில் எடுத்த ஆசிரியர் சுட்டியைக் கண்மூடி அச்சிட்டால் பிழையான சுட்டிதான் கிடைக்கும். இதில் ஒவ்வொன்றும் அளந்து எழுதக்கூடிய ஆய்வு. தேடல் பதிவேட்டில் இருந்து விடை வராத 200 தமிழ்த் தேடல்களை எடுங்கள். ஒவ்வொன்றையும் இறாக்கையில் போய்ப் பாருங்கள். புத்தகம் உண்மையிலேயே இல்லையா, எழுத்துக்கூட்டல் வேறா, குறிமுறை வேறா, பெயர் தலைப்பு வேறா என்று நான்கு கூடையில் போடுங்கள். யாழ்ப்பாணத்தில் இருப்பவர் ஒரு பருவத்துக்குள் முடிக்கக்கூடிய கட்டுரை இது, நூலகத்துக்கும் அந்தப் பதிவுகள் திருந்திவிடும்.

பெயர்த் தலைப்பு தனி உலகம். நம்முடைய பெயரில் குடும்பப்பெயர் இல்லை, முன்னால் நிற்பது தகப்பன் பெயர். மார்க் 21 இன் 100 ஆம் புலத்தில் முதல் குறிகாட்டி 0 என்றால் இயற்பெயர், 1 என்றால் குடும்பப்பெயர். ஒரு நூலகத்துக்குள்ளேயே இரண்டும் கலந்து கிடக்கும். பேராசிரியர் சிவத்தம்பியைக் கா. சிவத்தம்பி என்றும் கார்த்திகேசு சிவத்தம்பி என்றும் தமிழ் நூல்கள் எழுதும், ஆங்கில நூல்களில் இன்னொரு வடிவம். ஒரு பெயருக்கு எந்த வடிவம் தலைப்பு என்று நிறுத்தும் அதிகாரப் பதிவு ஒன்று போட்டு, அதன் 400 ஆம் புலத்தில் மற்ற வடிவங்களைக் காட்டுநெறியாக (‘இதைப் பார்க்க’ என்ற குறிப்பாக) வைக்காவிட்டால் ஒருவர் மூன்று பேராகிவிடுவார். மறுபக்கமும் உண்டு. அளவெட்டிக் கவிஞர் து. உருத்திரமூர்த்தியின் புனைபெயர் மஹாகவி. ஹகரத்தைக் ககரமாக்கித் தேடினால் பாரதியார் முழுவதும் வந்து விழுவார். 1927 – 1971 என்ற ஆண்டுகளைத் தலைப்போடு சேர்த்தால்தான் இருவரும் பிரிவார்கள்.

இதே அறிவு விரிவுரையாளருக்கும் தேவை. சர்வதேச இதழ்கள் கடைசிப் பெயரைக் கேட்கின்றன. சிலர் தகப்பன் பெயரைக் கொடுக்கிறார்கள், சிலர் தங்கள் பெயரைக் கொடுக்கிறார்கள். திருமணத்துக்குப் பிறகு கணவரின் பெயரை முதலெழுத்தாக மாற்றிய பெண்களின் கட்டுரைகள் இரண்டு ஆளின் கணக்கில் நிற்கின்றன. ஓர் ஆளுக்கு 30 நிமிடம் ஒதுக்கி, ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்கிட் எண் எடுத்துக் கொடுத்து, எல்லாப் பெயர் வடிவங்களையும் அதில் சேர்த்துவிடுங்கள். மேற்கோள் மென்பொருளான சோட்டெரோவில் தமிழ்ப் பெயரை இரண்டு பெட்டிக்குப் பதிலாக ஒற்றைப் பெட்டியில் இடக் காட்டிக் கொடுங்கள், இல்லாவிட்டால் துணைநூற்பட்டியலில் முதலெழுத்து பின்னால் போய்த் தொங்கும். இந்தச் சேவையைக் கேட்டு பீடமே வரும். எத்தனை பேருக்குச் செய்தீர்கள் என்ற பதிவு உங்கள் கோப்புக்குப் போகும்.

புத்தகத்தைப் பொருள்வாரியாக இறாக்கையில் வைக்கும் பகுப்பு எண்ணைப் பற்றி ஒரு சொல். டூயி தசமப் பகுப்பில் தமிழ் இலக்கியம் 894.811. அதில் புனைகதை 894.8113. ஈழத்துப் புனைகதைக்கென்று அங்கே தனி இடம் இல்லை, சென்னையில் வந்ததும் யாழ்ப்பாணத்தில் வந்ததும் ஒரே எண்ணில் குவியும். இலங்கை வரலாற்றுக்கு 954.93 இருக்கிறது, இலக்கியத்துக்கு அந்தப் பிரிப்பு இல்லை. எண்ணைத் தன்னிச்சையாக நீட்டாதீர்கள். பிற்காலத்தில் வேறொரு நூலகத்தின் பதிவை இறக்கும்போது ஒத்துவராது. எண்ணை அப்படியே விட்டு, முன்னால் ‘ஈழ’ என்ற சேகரக் குறியை வைத்துத் தனி இறாக்கை கொடுப்பது பாதுகாப்பானது. எது ஈழத்து நூல் என்ற வரையறையை எழுதி வையுங்கள்: ஆசிரியரா, வெளியீட்டு இடமா, பொருளா? புலம்பெயர்ந்து ரொறன்ரோவில் எழுதுகிறவரை எங்கே வைப்பது? இதை எழுதாமல் விட்டால் பட்டியலாளர் மாறும்தோறும் இறாக்கையும் மாறும்.

இனி என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி: கல்வெட்டு. வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன், இங்கே கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டியது மட்டுமல்ல. ஒருவர் இறந்த 31 ஆம் நாள் அந்தியேட்டியில் உறவினருக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகமும் கல்வெட்டுத்தான். திருமுறைப் பாடல்கள், இறந்தவரின் வரலாறு, வம்சாவளி, ஊர்க் கோயிலின் கதை, சிலவேளை வேறெங்கும் அச்சில் வராத பாடசாலை வரலாறு என்று எல்லாம் உள்ளே இருக்கும். சர்வதேச நூல் எண் இல்லை, விலை இல்லை, கடைக்கு வருவதில்லை. கொள்வனவுப் பகுதியால் எட்ட முடியாத ஆவணம். நூலகம் நிறுவனம் 2005 இல் தொடங்கிய எண்ணிம நூலகத்தில் நினைவு மலர்கள் திரண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் பெறுமதி தெரியும். பல்கலைக்கழக நூலகத்தின் வேலை அதைப் பட்டியலுக்குள் முறையாகக் கொண்டுவருவது.

அட்டைத் தலைப்பு பெரும்பாலும் ‘அமரர்’ என்று தொடங்கும். தலைப்பால் உலாவினால் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்து பயனில்லாமல் போகும். 245 இல் அச்சில் உள்ளபடி எழுதுங்கள். 600 ஆம் புலத்தில் அமரர், திருமதி போன்ற அடைகளை நீக்கி ஆளின் பெயர், 651 இல் ஊரின் பெயர், 655 இல் கல்வெட்டு என்ற வகைப்பெயர். ஊர்ப்பெயருக்கு ஒரு பட்டியல் வைத்து அதையே பாவியுங்கள். தொகுத்தவர் பெயர் உள்ளே இருந்தால் 700. வம்சாவளி, ஊர் வரலாறு, பாடசாலை வரலாறு இருக்கிறதா என்பதை 505 இல் குறித்துவிட்டால் மானிடவியல் மாணவரும் வரலாற்று மாணவரும் உங்களைத் தேடி வருவார்கள்.

பழைய கல்வெட்டுகளில் ஆங்கில ஆண்டு இல்லாமலும் இருக்கும். அப்போது திதி வெண்பாவைப் பாருங்கள். வருடம், மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா), திதி எல்லாம் அந்த நான்கு அடிக்குள் சொல்லப்பட்டிருக்கும். பிரச்சினை என்னவென்றால் வருடப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். பிலவ என்றால் 1901 ஆகவும் இருக்கலாம், 1961 ஆகவும் இருக்கலாம், 2021 ஆகவும் இருக்கலாம். அச்சகத்தின் பெயர், அதன் தொலைபேசி எண், படம் அச்சான முறை, ணை, லை, னை எழுத்துகளின் பழைய துதிக்கை வடிவம் ஆகியவற்றால் எந்தச் சுற்று என்று தீர்மானிக்கலாம். பங்குனியில் இறந்திருந்தால் இன்னொரு கவனமும் வேண்டும். தமிழ் வருடம் சித்திரையில்தான் மாறும், ஆகவே 1961 இல் தொடங்கிய பிலவ வருடப் பங்குனி என்றால் ஆங்கில ஆண்டு 1962. தீர்மானித்த ஆண்டைச் சதுர அடைப்பில் கேள்விக்குறியோடு எழுதி, காரணத்தை 500 ஆம் புலத்தில் ஒரு வரியில் சொல்லுங்கள். காரணம் எழுதாத ஆண்டைப் பின்னால் வருகிறவர் நம்பவும் முடியாது, திருத்தவும் முடியாது.

மின்வருடலுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும், பொடி எழுத்துக்கு 400. ஏ5 பக்கம் ஒன்று நிறத்தில் சுருக்காத டிஃப் கோப்பாக ஏறத்தாழ 13 மெகாபைட் வரும், ஆக 60 பக்கக் கல்வெட்டுக்கு 780 மெகாபைட். எண்ணிமக் களஞ்சிய மென்பொருளான டிஸ்பேஸில் ஏற்றுவது பிடிஎஃப் நகலைத்தான், மூலக் கோப்பு வேறு வட்டில் இருக்கும். வாங்கும் வட்டின் கொள்ளளவைக் கோரிக்கையில் எழுதும்போது இந்தக் கணக்கைக் காட்டுங்கள், நிதிப் பகுதி கேள்வி கேட்காது. படத்திலுள்ள எழுத்தை அறியும் மென்பொருளான டெசராக்ட் தமிழை வாசிக்கும், ஆனால் பழைய எழுத்து வடிவங்களில் தடுமாறும். அதன் வாசிப்பைத் தேடலுக்கு மட்டும் பின்னால் வையுங்கள், மூலமாகக் காட்ட வேண்டாம். மற்றது, வம்சாவளியில் உயிரோடு இருப்பவர்களின் பெயரும் இருக்கும் நாடும் அச்சாகியிருக்கும். குடும்பத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் இணையத்தில் விடக்கூடாது. வாசிகசாலைக்குள் மட்டும் திறக்கும்படி அனுமதியை டிஸ்பேஸிலேயே கட்டுப்படுத்தலாம்.

நகல்கள் மூன்று வேண்டும், அதில் ஒன்று ஊருக்கு வெளியே. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கிற பல்கலைக்கழக நூலகத்துக்குக் கிளிநொச்சி அறிவியல் நகர் நல்ல இடம், அங்கே பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழினுட்ப பீடங்கள் இருக்கின்றன. 1981 மே 31 இரவுக்கும் யூன் 1 க்கும் இடையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் வரை போயின. அதைக் கேட்டு வளர்ந்த ஊரில் நகலும் மூலமும் ஒரே அறைக்குள் இருப்பதை என்னால் பொறுக்க முடியாது. நூல்களை மட்டுமல்ல, பட்டியல் தரவுத்தளத்தையும் வெளியே வையுங்கள். பட்டியல் இல்லாவிட்டால் எதை இழந்தோம் என்றே தெரியாமல் போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலில் இருந்து உண்மையில் மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத நகல் இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

கற்பித்தலில் சுருக்கமாக ஒன்று. முதலாம் வருடத்துக்கு 200 பேரை மண்டபத்தில் இருத்தி நடத்தும் நூலக அறிமுகம் எவருக்கும் உதவாது. கணினி அறையில் 30 பேர், இரண்டு மணித்தியாலம். கலைப்பீட மாணவர் தமிழில் யோசிக்கிறார், தரவுத்தளம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அங்கேதான் அடைப்பு. ‘இடப்பெயர்வு’ என்ற ஒரு சொல்லுக்கு மைக்ரேஷன் ஒரு வகைக் கட்டுரையையும் டிஸ்பிளேஸ்மென்ட் இன்னொரு வகைக் கட்டுரையையும் கொண்டுவரும். இதைத் தாளில் மூன்று நிரலாக எழுதவைத்த பிறகு கணினியைத் தொடவிடுங்கள். வகுப்புக்கு முன்னும் பின்னும் அதே 10 கேள்வி கொடுத்தால் உங்களுக்கு ஆய்வுத் தரவும் கிடைக்கும். ஆனால் அந்தக் கேள்விகளைக் கொடுக்க முன்னரே நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். தரவைச் சேர்த்துவிட்டுப் பின்னால் அனுமதி கேட்டால் குழு தராது, நல்ல இதழும் ஏற்காது. ஒரு வருட உழைப்பு இந்த ஓர் அனுமதிக் கடிதம் இல்லாததால் வீணாகும்.

எங்கே வெளியிடுவது? பல்கலைக்கழக நூலகர் சங்கத்தின் இதழும் இலங்கை நூலகச் சங்கத்தின் இதழும் முதல் கட்டுரைக்கு ஏற்ற இடங்கள், மதிப்பாய்வாளர்கள் நமது நூலகங்களின் நிலைமை தெரிந்தவர்கள். பணம் கேட்டு ஒரு கிழமையில் ஏற்றுக்கொள்ளும் இதழுக்கு அனுப்பினால் பதவியுயர்வுக் குழு அந்தக் கட்டுரையைத் தள்ளிவிடும், அதே கட்டுரையை வேறெங்கும் போடவும் முடியாது. கூட்டாக எழுதினால் யார் என்ன செய்தார்கள் என்பதைத் தொடங்கும் நாளிலேயே மின்னஞ்சலில் எழுதிக்கொள்ளுங்கள். பதவியுயர்வுப் புள்ளி பிரிக்கும்போது இது மனஸ்தாபத்தைத் தவிர்க்கும்.

பதவியுயர்வுக் கோப்பு விண்ணப்பிக்கும் வருடத்தில் தொடங்குவதல்ல. குழுவில் இருந்தால் நியமனக் கடிதமும் கூட்ட அறிக்கையின் இலக்கமும், வகுப்பு எடுத்தால் திகதியும் வரவு இடாப்பும், மென்பொருள் மாற்றத்துக்குப் பொறுப்பாக இருந்தால் தலைவரின் கடிதமும் மாத இறுதியில் கோப்புக்குள் போய்விட வேண்டும். ஐந்து வருடம் கழித்துக் கேட்டால் அந்தத் தலைவர் இளைப்பாறியிருப்பார், கடிதம் கொடுக்க ஆள் இருக்காது.

இன்னொரு கொப்பி தனியாக வேண்டும், அது உங்களுக்கல்ல, மேசைக்கு. தடித்த அட்டை, எண்ணிட்ட பக்கங்கள். பட்டியலாக்கத்தில் எடுக்கும் ஒவ்வொரு தீர்மானமும் திகதியோடும் காரணத்தோடும் அதில் ஏற வேண்டும். நாளைக்கே தொடங்குவதென்றால் முதல் பக்கத்துக்கு மூன்று வரி போதும்: ஸ்ரீயை எந்த எழுத்துத் தொடரால் தட்டுகிறோம், சிறீ என்று அச்சில் இருந்தால் காட்டுநெறியை எங்கே போடுகிறோம், இதற்கு முன்னர் ஏறிய பதிவுகளை யார் எந்த மாதத்துக்குள் திருத்துவார்.